முள்ளியவளையில் நான் பார்க்காத அழுங்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இலங்கைக்குப் போனது மிருகம் பார்க்க அல்ல, வெற்றிலை பாக்கு வைக்க. அண்ணன் மகளுக்குக் கலியாணம். பெண்ணின் தாய்மாமன் சுந்தரம் வவுனியாவில் புடவைக் கடை வைத்திருக்கிறார். தாய்மாமனைத் தபாலில் அழைத்தால் வரமாட்டார், வந்தாலும் சாப்பிடமாட்டார், சாப்பிட்டாலும் ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். ஆகவே நேரில் போய்த் தட்டு வைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. திருச்சியில் எங்கள் குடும்பத்திலேயே பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன், அச்சாபீசில் பிழை திருத்திக் காலம் தள்ளுகிறவன், கொஞ்ச நாள் காணாமல் போனாலும் யாரும் தேடாதவன் நான் ஒருவன்தான். தட்டு என் தலையில் விழுந்தது.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே மிருகக்காட்சிசாலை இருக்கிறதா என்று விசாரிப்பேன். இருந்தால் போய்விடுவேன். அங்கே தரும் நுழைவுச் சீட்டைக் கிழிக்க விடாமல் கெஞ்சி வாங்கி வந்து ஆல்பத்தில் ஒட்டுவேன். சென்னை, மைசூர், திருவனந்தபுரம், கல்கத்தா எல்லாம் என் ஆல்பத்தில் இருக்கின்றன. பழைய புத்தகக் கடைகளில் மிருகப் படம் போட்ட புத்தகம் எது கண்டாலும் வாங்கிவிடுவேன். படிப்பேனா என்று கேட்காதீர்கள். பகலெல்லாம் பிழை திருத்துகிறவன் வீட்டுக்கு வந்தும் எழுத்தைப் பார்ப்பானா? படம் பார்ப்பேன்.

இத்தனை ஊரில் இத்தனை கூண்டுக்கு முன்னால் நின்றும் நான் பார்க்காத மிருகம் ஒன்று உண்டு. அழுங்கு. எறும்பு தின்னி என்றால் எல்லாருக்கும் தெரியும். உடம்பு முழுக்க ஓடு வேய்ந்தது மாதிரிச் செதிள், தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஓர் ஊரில் அதற்கென்று கூண்டு இருந்தது, பெயர்ப் பலகை இருந்தது, அழுங்கைத்தான் காணோம். காவல்காரன், "இருக்குது சார், வளைக்குள்ளே தூங்குது" என்றான். மணி அடித்து வெளியே தள்ளும் வரைக்கும் நின்று பலகையைப் படித்துவிட்டு வந்தேன். இன்னோர் ஊரில், "போன வாரம் வந்திருக்கக் கூடாதா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்கள். ஆல்பத்தில் அதற்காக ஒரு பக்கம் விட்டு வைத்திருக்கிறேன். தலைப்பில் பெயரைக்கூட அழகாக எழுதியாகிவிட்டது. கீழே ஒன்றும் கிடையாது.

கப்பலில் வாந்தியெடுத்த கதையை என்னைவிட நன்றாகப் பலர் எழுதிவிட்டார்கள். நான் ரயிலிலிருந்து தொடங்குகிறேன். தலைமன்னாரில் ஏறிய வண்டியில் எதிரே ஒரு சிங்கள அம்மாள் இருந்தார். என் மடியிலிருந்த ஆல்பத்தைப் பார்க்கக் கை நீட்டினார். ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் புரட்டிவிட்டு, அந்தப் பக்கம் வந்த ரயில் கார்டிடம் ஏதோ கேட்டார். அவர் பதில் சொன்னார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் கேட்காமலே மொழிபெயர்த்தார்.

"அவா கேக்கிறா, இவர் என்ன வியாபாரம் எண்டு. கார்ட் சொல்லுறார், வியாபாரமில்லை, மிருகம் பாத்ததுக்கு ரசீது வைச்சிருக்கிறார் எண்டு. அவா சொல்லுறா, ஐயோ பாவம், இவர் பாத்தனான் எண்டு சொன்னா ஆரும் நம்பிறேல்லைப் போல."

வவுனியாவில் இறங்கியதும் வெயில் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டது. வெயில் திருச்சியிலும் உண்டு. ஆனால் அங்கே நிழலும் உண்டு. தெருவில் மாட்டு வண்டி, லொறி, நெல்மூட்டை, இவற்றுக்கு நடுவே தட்டை ஏந்திக்கொண்டு நான். சுந்தரம் தட்டை வாங்கிக்கொண்டு, பழத்தை எண்ணாத மாதிரி எண்ணிவிட்டு, "பெரியவங்க யாரும் வரலையா?" என்றார். அதாவது அழைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது. வெள்ளிக்கிழமை வண்டியில் இரண்டு பேரும் சேர்ந்தே ஊருக்குப் புறப்படுவது என்று முடிவாயிற்று. அதைத் தவறவிட்டால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியாது.

அதற்குள் வந்த வேலை முடிந்துவிட்டதால் சாப்பாட்டில் உட்கார்ந்து மைசூரில் நான் கண்ட நீர்யானையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். சுந்தரம் கொட்டாவியை அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாப்ளே, உனக்கு மிருகம்தானே பார்க்கணும்? முள்ளியவளையிலே நம்ம வேலுப்பிள்ளை இருக்கார். அறுவடை முடிஞ்சா என் கடையிலேதான் துணி எடுப்பார், தங்கமான மனுஷன். அவர் வீட்டு வேலியைத் தாண்டினா காடு. போய் ஆசை தீரப் பார்த்துட்டு வா. டிக்கெட்டுகூட வேண்டாம்."

டிக்கெட் வேண்டாம் என்றதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஒட்டுவதற்கு ஒன்று வேண்டாமா?

மறுநாள் பஸ் நிலையத்தில் ஓர் அம்மா கச்சான் விற்றுக்கொண்டிருந்தார். நம் ஊர் வேர்க்கடலைக்குத்தான் அங்கே அந்தப் பெயர். ஒரு சுருள் வாங்கினேன். தின்று முடித்துத் தாளைப் பிரித்தால் உள்ளே பாதிக் கரடி. எட்டிப் பார்க்கிறேன், அந்த அம்மாவின் மடியில் தலையணை தடிமனில் ஓர் ஆங்கிலப் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் வர்ணப் படம். அவர் என் கண் முன்னாலேயே ஓர் ஓநாயைக் கிழித்துக் கூம்பாகச் சுற்றினார். என் நெஞ்சே கிழிந்தது.

"அம்மா, அந்தப் புத்தகத்தை எனக்குக் கொடுத்துவிடுங்கள்!"

"தந்தா நான் கச்சானை எதுக்குள்ள சுத்துறது?"

என் பெட்டியிலிருந்த திருச்சிப் பத்திரிகைகளை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். விரலால் தேய்த்துப் பார்த்தார். "உது மை ஒட்டும், தம்பி. இது நல்ல தடிச்ச கடுதாசி" என்று அலுத்துக்கொண்டே புத்தகத்தைத் தந்தார். "பேந்து குறை சொல்லப்படாது. முன்னுக்கு இருந்த சிங்கம் புலியெல்லாம் வித்துப்போட்டன்."

பஸ்ஸில் ஏறி முதல் வேலையாகப் புரட்டினேன். மான் தப்பித்திருந்தது, முள்ளம்பன்றி இருந்தது. அழுங்கும் இருந்தது! ஒரு முழுப் பக்கம், செதிள் செதிளாக. இன்னும் கொஞ்ச நேரம் தாமதித்திருந்தால் அதுவும் யாரோ ஒருவருடைய கடலையோடு போயிருக்கும்.

ஒட்டுசுட்டானுக்கு இந்தப் பக்கம் பஸ் நின்றுவிட்டது. இஞ்சினையும் அணைத்துவிட்டார்கள். பழுதாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். பக்கத்திலிருந்தவர் வாயிலிருந்த சுருட்டை எடுக்காமல், "ஆனை" என்றார். நம் ஊரில் 'கேட்டு மூடியிருக்கு' என்போமே, அந்தக் குரலில். நான் துள்ளி எழுந்தேன். "இருமையா! ஆட்டாதையும்!" என்று கண்டக்டர் அதட்டினார். கூண்டுக்கு வெளியே ஒரு யானை நடுரோட்டில் நிற்கிறது. பஸ் முழுக்க ஆட்கள் 'இண்டைக்குச் சுணங்கப் போகுது' என்று முனகிக்கொண்டு கண்ணை மூடிச் சாய்கிறார்கள். எனக்குக் கிடைத்ததோ முன்வரிசைத் தலைகளுக்கு நடுவே யானையின் பின்புறம் மட்டும். அதுவும் எதற்கும் அவசரப்படவில்லை. அது போனபிறகு கண்டக்டரிடம் இன்னொரு சீட்டு கேட்டேன். "உங்களுக்கு ஒண்டு தந்தாச்செல்லே?" என்றார். "அது பஸ்ஸுக்கு, இது யானைக்கு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேசாமல் கிழித்துக் கொடுத்தார். காசையும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

வேலுப்பிள்ளை முள்ளியவளைச் சந்தியில் சைக்கிளோடு காத்துக்கொண்டிருந்தார். ஐம்பதுக்கு மேலிருக்கும்; ஒல்லியான நெட்டை மனிதர், பேச்சு அளந்து வரும். என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "ஐயாவுக்கு என்ன விருப்பம்?" அவர் மனைவி அன்னம்மா தேநீரும் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதையேதான் கேட்டார். "ஐயாவுக்கு என்ன விருப்பம்?" திருச்சியில் என்னை யாரும் இப்படிக் கேட்டது கிடையாது. நெகிழ்ந்துபோய் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எனக்கு மிருகங்கள் என்றால் உயிர்."

"ஓ" என்றார் வேலுப்பிள்ளை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

ஆல்பத்தைக் காட்டினேன். அன்னம்மா மைசூர்ச் சீட்டைத் தடவிப் பார்த்தார். "இதுகளைக் கொண்டுபோனா திரும்ப உள்ளுக்கு விடுவினமோ?"

"இல்லை அம்மா."

"அப்ப ஏன் வைச்சிருக்கிறியள்?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேலுப்பிள்ளைக்கு வேறு சந்தேகம். "பண்டியும் குரங்கும் பாக்கக் காசோ? இஞ்ச அதுகள்தான் எங்கட தோட்டத்தைப் பாக்க வருகுதுகள். நாங்கள் ஆரிட்டைக் காசு கேக்கிறது?"

பேச்சை மாற்றப் புத்தகத்தை விரித்தேன். மான் படத்தைக் காட்டி, "ஆகா, என்ன அழகு!" என்றேன். அவர் தலையை ஆட்டி, மனைவியைப் பார்த்தார். காட்டுக்கோழிக்கும் ஓர் 'ஆகா' போட்டேன். முள்ளம்பன்றி வந்ததும் அவரே முந்திக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கும் ஐயா. உரிக்கிறதுக்குள்ள சீவன் போயிடும்." அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வரிக்குதிரை வந்தபோது அவர் முகம் வாடிவிட்டது. "இது எங்கட பக்கம் இல்லை. குறை நினையாதேங்கோ." மத்தியானம் இரண்டு மணிக்குமேல் போனால் நம் ஊர் ஓட்டல் சர்வர் 'தோசை முடிஞ்சுபோச்சு சார்' என்பானே, அதே வருத்தம். நானோ, பாவம், படிப்பில்லாத மனிதருக்கு என்னமாய் ரசனை என்று வியந்துகொண்டிருந்தேன்.

அடுத்த நாள் மத்தியானம் சிவப்பரிசிச் சோற்றோடு ஒரு கறி வந்தது. மிளகும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து, இந்த நாக்கு அதுவரை அறியாத ருசி. மூன்றாம் முறை வாங்கிச் சாப்பிட்டபிறகுதான் என்ன இறைச்சி என்று கேட்டேன்.

"நேற்று நீங்கள் ஆசைப்பட்டது" என்றார் அன்னம்மா. "கோழி பின்னேரத்துக்கு."

நான் சைவம் அல்ல. அதனால் அருவருப்பு ஒன்றும் வரவில்லை, வெட்கம் வந்தது. அந்த மான் என் வாயால் செத்திருக்கிறது. நான் ஓர் 'ஆகா' போட்டேன், இவர் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு விடியுமுன் காட்டுக்குப் போயிருக்கிறார். விருந்தாளி ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டால் அதை இலைக்குக் கொண்டுவராமல் விடுவது அந்த வீட்டில் மானக்கேடு. நான் கொண்டுபோனது மிருகப் புத்தகம் என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கு அது சாப்பாட்டுப் பட்டியல்.

அதன்பிறகு நான் எதையும் பாராட்டவில்லை. வேலியில் மயில் வந்து தோகை விரித்தது, முகத்தைச் சுளித்துக்கொண்டேன். குரங்கு குட்டியோடு போனது, தரையைப் பார்த்தேன். உலகத்திலேயே மிருகம் பிடிக்காதவன் நான்தான் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஆனால் அன்று பின்னேரம் வேலுப்பிள்ளை தாமாகவே புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பி, ஒவ்வொன்றிலும் என் முகத்தைப் பார்த்தார். மற்ற எல்லாவற்றுக்கும் கல் மாதிரி இருந்துவிட்டேன். அழுங்கு வந்தபோது என் கை என் பேச்சைக் கேட்கவில்லை. விரல் போய்ப் படத்தின்மேல் நின்றுவிட்டது.

"அழுங்கோ?" என்றார்.

"வேண்டாம்! வேண்டவே வேண்டாம்! சமைக்கக் கூடாது. எனக்கு அதை உயிரோடு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருஷமாகக் காத்திருக்கிறேன்."

"ஓம் ஓம். உயிரோடதான். செத்ததை நாங்கள் சமைக்கிறேல்லை" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியையும் சாக்கையும் எடுத்துக்கொண்டு நாயைக் கூப்பிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் சாக்கு கனமாகத் திரும்பி வந்தது. முற்றத்தில் கொட்டினார். உருண்டு நின்றது ஒரு பந்து. சின்னப் பலாப்பழம் அளவு, செதிளுக்கு மேல் செதிள். முகமும் இல்லை, காலும் இல்லை, எது முன் எது பின் என்றும் தெரியவில்லை. வேலுப்பிள்ளை விரலை மடக்கி அதன்மேல் கதவு தட்டுவதுபோலத் தட்டினார். "உள்ளுக்க இருக்குது" என்றார் திருப்தியாக. பிறகு நெல் அவிக்கிற பெரிய கிடாரத்தைக் கொண்டுவந்து அதன்மேல் கவிழ்த்தார். அடைக்கவும் அதுதான், அவிக்கவும் அதுதான். ஏனத்துக்கு அலைச்சல் இல்லை.

"எப்போது விரியும்?" என்று கேட்டேன்.

"ஆக்கள் போனாப் பிறகு."

"நான் போய்விட்டால் நான் எப்படிப் பார்ப்பது?"

"அதுதான் ஐயா கஷ்டம்" என்று ஒப்புக்கொண்டார்.

அன்னம்மா, அங்கே குசினி என்கிற சமையலறையிலிருந்து தலையை நீட்டினார். "ஐயா வடிவாப் பாத்து முடிஞ்சாச் சொல்லுங்கோ. நான் தேங்காய் திருவ வேணும்."

இதைக் கேட்டதும் கிடாரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். விட்டுவிடுங்கள் என்று வேலுப்பிள்ளையிடம் கெஞ்சினேன். அவர் முகம் சிறுத்துப்போயிற்று. காட்டில் பிடித்ததை அயலுக்குப் பங்கு வைக்காமல் அவர்கள் தின்பதில்லை. வரும் வழியிலேயே பங்கு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். செதிள் முழுக்கப் பரிகாரியாருக்கு, அதாவது நாட்டு வைத்தியருக்கு, மருந்துக்கு. ஒரு தொடை அடுத்த வீட்டுக்கு. "சொன்ன சொல்லை என்னெண்டு ஐயா மாத்துறது? ஊர் சிரிக்கும். ஆனா உங்களுக்கும் சொல்லிப்போட்டன், காட்டிப்போட்டுத்தான் வெட்டுவன் எண்டு. நீங்கள் பாக்காமல் கத்தி வைக்கமாட்டன். அதுக்குப் பயப்பிடாதேங்கோ."

ஆக, என் நிலைமை இதுதான். நான் பார்த்துவிட்டேன் என்று சொன்னால் அது செத்தது. பார்க்கவில்லை என்று சொல்லும் வரைக்கும் அதற்கு உயிர். அதைப் பார்க்கத் தவம் கிடந்தவன் நான். இப்போது உலகத்திலேயே அதைப் பார்க்கக் கூடாத ஒரே ஆளும் நான்தான்.

"இன்னும் பார்க்கவில்லை" என்று சொல்லிப் புதன்கிழமை பஸ்ஸை விட்டேன். வியாழக்கிழமை பஸ்தான் கடைசி; அதையும் விட்டால் கலியாணத்துக்கு நானும் இல்லை, என்னை எதிர்பார்த்து வவுனியாவில் பெட்டி கட்டி உட்கார்ந்திருக்கும் தாய்மாமனும் இல்லை.

பரிகாரியார் புதன் காலையிலேயே வந்துவிட்டார். கட்டையான மனிதர், கையில் பனையோலையில் பின்னிய பை. திண்ணென்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஐயா பாத்திட்டாரோ?" என்றார்.

"இன்னும் இல்லை."

"பறுவாயில்லை. ஆறுதலாப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்தார். மத்தியானம் ஒரு முறை கேட்டார். பின்னேரம் ஒரு முறை கேட்டார். மற்றவர்களும் வந்தார்கள். அழுங்கைப் பார்க்க அல்ல. அது அவர்கள் சட்டியில் எத்தனையோ முறை கண்டதுதான். அழுங்கு பார்க்க இந்தியாவிலிருந்து வந்த ஆளைப் பார்க்க வந்தார்கள். வேலிக்கு அப்பால் வரிசையாக நின்று, நான் எழுந்தால் "எழும்பிட்டார்" என்றார்கள், உட்கார்ந்தால் "இருந்திட்டார்" என்றார்கள். ஒரு பெண் என் பக்கம் வாழைப்பழம் ஒன்றை நீட்டி, நான் அதை உரித்துத் தின்று முடிக்கும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனாள். இத்தனை கூண்டுகளுக்கு வெளியே நின்றவன், உள்ளே இருப்பது எப்படி என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அழுங்குக்குப் பசிக்குமே என்று கவலை வந்தது. வயல் ஓரத்திலிருந்து கறையான் புற்று ஒன்றைப் பெயர்த்துக்கொண்டுவந்து கிடாரத்துக்குக் கீழே தள்ளினேன். பரிகாரியார் கண்கள் பனித்துவிட்டன. "நல்ல மனுசன். கொழுக்கட்டும், கொழுக்கட்டும்" என்றார். அதற்கு நான் எந்த நன்மை செய்தாலும் அது கறிக்கு நன்மையாகவே போய் முடிந்தது.

வியாழக்கிழமை விடிந்தது. வேலுப்பிள்ளை தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்க வயலுக்குப் போயிருந்தார். குசினியில் அடுப்பு மூட்டும் புகை. நான் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு முற்றத்து மூலையில் எலுமிச்சை மரத்தடியில் குந்தியிருந்தேன். காற்றாவது போகட்டும் என்று கிடாரத்தின் விளிம்பை ஒரு விறகுக் கட்டையில் முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். நான் அசையவில்லை. மூச்சுவிட்டேனா என்றுகூட நினைவில்லை.

முதலில் ஒரு மூக்கு வந்தது. ஈரமான, கூரான மூக்கு. பிறகு முகம் வந்தது. ஐயோ, என்ன முகம் அது! இவ்வளவு பெரிய கவசத்துக்குள்ளே இவ்வளவு சின்ன முகமா? கண் இரண்டும் மிளகு. அந்நியர் வீட்டில் எழுந்த குழந்தை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. நாக்கை நீட்டியது; அது முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தது. கறையான் ஒன்றைத் தொட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு மிருகத்தைப் பார்த்து நான் அழுதது அன்றைக்குத்தான்.

எழுந்து போய்க் கிடாரத்தைத் தூக்கினேன். அது திரும்பச் சுருளவில்லை. முன்கால்களை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, பின்கால்களில் நடந்து, ஏதோ யோசனையில் கடைத்தெருவுக்குப் போகிற பெரிய மனிதர் போல, வேலியில் இருந்த ஓர் ஓட்டை வழியாகக் காட்டுக்குள் போய்விட்டது. நான் கிடாரத்தைப் பழையபடி கவிழ்த்து, விளிம்பில் கொஞ்சம் மண்ணைக் கிளறி வைத்தேன். திரும்பினால் குசினி வாசலில் அன்னம்மா. கையில் பாதி திருவிய தேங்காய். அப்படியே உள்ளே போய்விட்டார்.

வேலுப்பிள்ளை வந்தார், கூடவே பரிகாரியாரும் பையோடு வந்தார். வேலுப்பிள்ளை கிடாரத்தைத் தூக்கிப் பார்த்து, வெறும் மண்ணைப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஐயா... பாத்தியளோ?"

ஆயுளில் ஒரு முறையாவது 'பார்த்தேன்' என்று சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்த வாய் இது. பார்த்தேன் என்றால் அது போனதையும் பார்த்தேன் என்று ஆகிவிடும். வேலுப்பிள்ளை வீட்டு விருந்தாளியே ஊர்ப் பங்கைக் காட்டுக்கு விட்டான் என்று பரிகாரியார் சந்திக்குச் சந்தி சொல்லுவார்.

"இல்லை, பார்க்கவில்லை" என்றேன்.

வேலுப்பிள்ளை மனைவி பக்கம் திரும்பினார். "நீர் பாத்தனீரோ?"

"நான் தேங்காய் திருவிக்கொண்டு நிண்டனான்" என்றார் அன்னம்மா. "அது மண்ணைத் தோண்டிக்கொண்டு போயிட்டுதாக்கும். அதுக்கு உதுதானே தொழில்."

பரிகாரியார் பையை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பங்கு போன கவலையை அவர் ஒரு பெருமூச்சோடு முடித்துக்கொண்டார். வேலுப்பிள்ளையால் அப்படி முடியவில்லை. தலை குனிந்து நின்றார். வந்தவன் ஆசைப்பட்ட ஒன்றே ஒன்றைக் காட்டாமல் அனுப்புகிறோமே என்கிற அவமானம் அந்த நெட்டை மனிதரைக் குட்டையாக்கிவிட்டது. நான் கண்ட சந்தோஷத்தில் பாதியை அவருக்குக் கொடுக்க முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

சந்தி வரைக்கும் இருவரும் வந்தார்கள். திருவிய தேங்காய் வீணாகாமல் பிட்டாகி, வாழையிலையில் பொதியாகி என் கைக்கு வந்திருந்தது. தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்ததும் மறிக்க வேலுப்பிள்ளை முன்னால் ஓடினார். அன்னம்மா என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார். அதுவரை 'ஐயா' என்றவர்.

"தம்பி, நான் வாலைத்தான் கண்டனான். முகம் எப்பிடி இருந்தது?"

நான் விழித்தேன்.

"எத்தினை அவிச்சிருப்பன். எல்லாம் சுருண்டபடிதான் வரும், சுருண்டபடிதான் போகும். ஒரு நாளும் முகம் பாக்கேல்லை."

"சின்ன முகம், அம்மா" என்றேன். "மிளகு மாதிரிக் கண். யாரையும் குறை சொல்லத் தெரியாத முகம்."

அவர் தலையை ஆட்டினார். பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்ததும் வேலுப்பிள்ளை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார். "அடுத்தமுறை வாங்கோ ஐயா! நீங்கள் வாறதுக்கு முதலே பிடிச்சு வைக்கிறன்! ஒண்டில்லை, ரெண்டு!"

கலியாணம் நன்றாக நடந்தது. தாய்மாமன் சாப்பிட்டார், முதல் பந்தியில் போடவில்லை என்று கோபித்துக்கொண்டார், எல்லாம் முறைப்படி. பந்தியில் நாலு பேர் நடுவே, "மாப்ளே, வேலுப்பிள்ளை ரொம்ப மனசு ஒடிஞ்சு போய்ட்டார். அவ்வளவு தூரம் போயும் நீ அழுங்கைப் பார்க்கலையாமே?" என்று கேட்டார். பார்க்கவில்லை என்றுதான் சொன்னேன். சொல்லச் சொல்ல வாய்க்குப் பழகிவிடுகிறது. ஆல்பத்தில் யானைக்கு வாங்கிய பஸ் சீட்டு ஒட்டியாகிவிட்டது. அதற்கு எதிர்ப்பக்கம், பெயர் மட்டும் எழுதிய பக்கம், இன்னும் காலியாகவே இருக்கிறது.

சுந்தரம் ஊருக்கு வரும்போதெல்லாம் முள்ளியவளையிலிருந்து அழைப்பு கொண்டுவருகிறார். இந்த வருஷம் கட்டாயம் வர வேண்டுமாம். வேலுப்பிள்ளை கிடாரத்துக்கு ஈயம் பூசி, முற்றத்தில் அந்த இடத்துக்குக் கல்லும் பதித்துவிட்டாராம். இனி ஒன்றும் தோண்டிக்கொண்டு போக முடியாதாம். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொல்கிறேன். ஆபீசில் லீவு இல்லை, கப்பல் ஒத்துக்கொள்ளாது, முழங்கால் வலி. உலகத்திலேயே 'உனக்கு என்ன விருப்பம்' என்று என்னைக் கேட்ட இரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள். போக வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் நான் போகாமல் இருக்கும் வரைக்கும்தான் அந்த மூன்றாவது ஆள் வேலிக்கு அந்தப் பக்கம் நடமாட முடியும்.